வழிச்செலவும் வரியும் : யாழ்ப்பாண வரலாற்றில் ஒரு நோக்கு

தொழில் செய்வான் ஒருவன் தன் தொழிலின்பொருட்டு நடக்கும் வழிக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைப் பொறுக்கவேண்டியவர் யார் என்னும் வினா, பொருளியலும் அரசியலும் நீதியும் ஒன்றுகூடும் இடத்தில் எழுவதாகும். சுயதொழில் புரிவோர் தம் தொழிலுக்காக ஓடிய தூரத்தின் செலவை வருமானத்தினின்றும் கழித்துக் காட்டலாம் என்பது இன்று வரிச் சட்டத்தில் அடங்கியுள்ள ஒரு சிறு விதி. அதனைக் கணக்காளர்க்கும் வரி உத்தியோகத்தர்க்கும் மட்டும் உரிய செய்தியென்று கருதி நாம் கடந்து செல்கின்றோம். எனினும் அச்சிறு விதியின் பின்னே முந்நூறு ஆண்டுகட்கு மேற்பட்ட வரலாறு ஒன்று நிற்கின்றது. அவ்வரலாற்றை யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலையில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடாநாடு பரப்பிற் சிறியது. ஆயினும் இங்கு ஊரும் தொழிலும் ஓரிடத்தில் அமைவது அரிது. தோட்டம் ஓரூரிலும் சந்தை வேறோரூரிலும் துறைமுகம் மற்றோரூரிலும் இருப்பன. சுன்னாகத்துச் சந்தைக்குச் சுற்றூர்களிலிருந்து காய்கறி வருதல் வேண்டும். வடமராட்சியார் யாழ்ப்பாண நகரத்துக்கு வருதல் வேண்டும். நெடுந்தீவார் கடலைக் கடத்தல் வேண்டும். மைலைக் கட்டை என்று வழங்குவது இந்நாட்டு வழக்கு. தெருவோரத்தில் நாட்டிய மைற்கல்லே அளவின் பெயராயிற்று. அளவைமுறை மாறிக் கிலோமீற்றர் வந்த பின்னரும், முதியோர் இரண்டு கட்டை, மூன்று கட்டை என்றே தூரத்தைச் சொல்லி வந்தனர். தூரத்தைத் தம் பேச்சிலே இவ்வாறு நாட்டிக்கொண்ட மக்கள், அத்தூரத்தின் செலவை எவ்வாறு கணித்தனர் என்பதும், அரசு அச்செலவை எவ்வாறு நோக்கியது என்பதும் அறியத்தக்கன.

தலைக்கு விதித்த வரி

போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அவர்களிடமிருந்து 1658இல் ஒல்லாந்தர் அதனை வென்றனர். ஒல்லாந்தர் கால வருவாய் முறைகளை அறிதற்கு, யாழ்ப்பாணத்திற் கொமாண்டராயிருந்த சுவார்டெக்குரூன் என்பார் 1697இல் எழுதிவைத்த நினைவுக் குறிப்பு ஒரு சிறந்த சான்று. நிலவரி, விளைவிற் பத்திலொன்று, தலைவரி, அதிகாரி வரி முதலியன அக்காலத்து இறைகளாம். இவற்றின்மேல் ஊழியம் என்னும் கட்டாய வேலையும் சில குலத்தார்மேற் சுமத்தப்பட்டிருந்தது.

இவ்விறைகளின் இயல்பை உற்றுநோக்குதல் வேண்டும். தலைவரி, ஒருவன் உயிரோடு இருக்கின்றான் என்பதற்காக விதிக்கப்படுவது. அவன் ஈட்டினானா இழந்தானா என்று அது வினவுவதில்லை. பத்திலொன்று என்னும் வரி, களத்திற் குவிந்த நெல்லை நோக்குவது. அந்நெல்லை விளைத்தற்கு உழவன் இட்ட விதையும், உழவுமாட்டின் கூலியும், களத்திற்குக் கதிர் கொண்டுவந்த வண்டிலின் வாடகையும் அதன் கண்ணிற் படுவதில்லை. நூறு மரைக்கால் நெல்லை எண்பது மரைக்கால் செலவிற் பெற்றவனும், நாற்பது மரைக்கால் செலவிற் பெற்றவனும் பத்து மரைக்காலே இறுத்தல் வேண்டும். முன்னவனுக்கு அஃது ஊதியத்திற் பாதி, பின்னவனுக்கு ஆறிலொன்று. வரவை மட்டும் நோக்கிச் செலவை நோக்காத வரி, இவ்வாறு வருந்தி உழைப்பவனையே மிகுதியாக வருத்தும்.

வழிச்செல்வோர் திறத்தில் அக்கால அரசின் நோக்கம் இன்னும் கடியது. குடாநாட்டையும் வன்னியையும் இணைக்கும் கடவைகளிலே ஆனையிறவு, பெஸ்கூட்டர், பைல் என்னும் காவற் கோட்டைகள் நின்றன. போக்குவரத்து என்பது அரசினாற் காக்கப்படவேண்டிய ஒன்றாகவும், தடுக்கப்படத்தக்க ஒன்றாகவும், பொருள் பறித்தற்குரிய ஒன்றாகவும் இருந்ததேயன்றிக் குடிகளின் தொழிற் செலவாக எண்ணப்படவில்லை.

தெருவுக்கு ஆறு நாள்

பிரித்தானியர் 1795இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைக்கொண்டனர். கட்டாய ஊழியம் அவர்களாட்சியிற் படிப்படியாகத் தளர்ந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையின்பின் 1832இல் இராசகாரியம் என்னும் முறை இலங்கை முழுவதிலும் ஒழிக்கப்பட்டது. ஆயினும் பதினாறு ஆண்டுகளில் அது வேறு வடிவில் மீண்டது. தேசாதிபதி தொரிங்டன் பிரபு காலத்தில், 1848ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், வயது வந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அவ்வாண்டிலே மாத்தளையிலும் குருநாகலிலும் எழுந்த கிளர்ச்சிக்கு ஏதுவாயிருந்தவற்றுள் இச்சட்டமும் ஒன்று.

இவ்வரியில் ஒரு நியாயமும் ஓர் அநியாயமும் கலந்திருந்தன. தெரு எல்லார்க்கும் பயன்படுவதாகலின் எல்லாரும் அதற்கு உதவுதல் வேண்டும் என்பது நியாயம். தெருவினால் மிகுந்த பயன் பெறும் பெருந்தோட்ட முதலாளியும், தன் ஊரெல்லையைத் தாண்டாத கூலியாளும் ஒரே ஆறு நாளைக் கொடுத்தல் வேண்டும் என்பது அநியாயம். கூலியாளுக்கு ஆறு நாள் என்பது ஆறு நாளைய உணவு. முதலாளிக்கு அஃது ஒரு சிறு தொகை.

எனினும் தெருக்கள் வளர்ந்தன. 1829 முதல் நெடுங்காலம் வடமாகாணத்து அரசாங்க அதிபராயிருந்த டைக் துரை காலத்திலும், அவர்க்குப்பின் 1869 முதல் 1896 வரை அப்பதவியை வகித்த துவைனம் துரை காலத்திலும் யாழ்ப்பாணத்துப் போக்குவரத்து விருத்தியடைந்தது. 1892இல் நெல்வரி நீக்கப்பட்டது. 1902இல் குடாநாட்டினுள்ளே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905இல் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே நேர்ப் பாதை திறக்கப்பட்டது. அதனால் யாழ்ப்பாணத்து வணிகன் தென்னிலங்கையிற் கடை வைத்துவிட்டு ஊருக்கு வந்துபோதல் எளிதாயிற்று. வழி குறுகியது, பயணம் பெருகியது, பயணத்தின் செலவும் தொழிலின் நிலையான ஓர் உறுப்பாயிற்று.

வணிகர் கணக்கும் உத்தியோகத்தர் படியும்

அரசு வழிச்செலவைக் கருதாத அக்காலத்திலும் வணிகர் அதனைக் கருதியே வந்தனர். யாழ்ப்பாணப் புகையிலை திருவாங்கூருக்குச் சென்று விலைபோன காலம் இந்நாட்டு வாணிகத்தின் சிறந்த காலங்களுள் ஒன்று. தோட்டத்திற் கொண்ட விலைக்கும் கடல் கடந்து விற்ற விலைக்கும் இடைப்பட்டது முழுவதும் இலாபம் என்று எந்த வணிகனும் எண்ணுவதில்லை. சிப்பம் கட்டிய கூலி, வண்டில் வாடகை, தோணிக் கூலி, சுங்கம், சென்றவனின் ஊணும் உறையுளும் ஆகிய யாவும் கழிந்தபின் எஞ்சியதே பங்காளிகளுக்குள் பங்கிடப்படும். வரவினின்று வழிச்செலவைக் கழித்தபின்னரே ஊதியம் பிறக்கின்றது என்பது கூட்டு வாணிகத்தின் அடிப்படை.

தேசவழமை வழங்கும் இந்நாட்டில் இக்கருத்து விளங்குதற்கு அரியதன்று. ஒல்லாந்தர் ஆணைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் 1707இல் தொகுத்த அவ்வழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்துக்கள் வகுக்கப்பட்டன. முன்னோர் வழிவந்த முதலும், ஒருவர் தம் முயற்சியால் தேடிய தேட்டமும் வெவ்வேறு என்னும் உணர்வு நம் குடும்பங்களில் ஊறிய ஒன்று. முதல் வேறு, வருவாய் வேறு என்னும் பிரிவின்மேல் எழுந்ததே வருமான வரிச் சட்டமும். தேடுதற்கு ஆன செலவு போக எஞ்சியதே தேட்டம் என்பதை உணர்ந்த ஒருவர்க்கு அச்சட்டத்தின் பாதி விளங்கிவிடும்.

இனி, உத்தியோகத்தர் நிலை வேறு. கச்சேரி உத்தியோகத்தர் அரச கருமமாக வெளியூர் சென்றால் அதற்குப் படி பெற்றனர். சொந்த வாகனத்திற் சென்றார்க்கு ஓடிய தூரத்தின் அளவாற் பணம் கொடுக்கப்பட்டது. தம் வேலைக்காக ஓடிய தூரம் வேலை கொடுத்தவர் பொறுப்பு என்னும் நியாயத்தை அரசு தன் ஊழியர் திறத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் தனக்குத் தானே எசமானனாகிய வணிகனுக்கும் வைத்தியனுக்கும் கொத்தனுக்கும் படி கொடுப்பார் இல்லை. அவர்கள் செலவு அவர்கள் மடியிலிருந்தே போயிற்று. அரசாங்க உத்தியோகத்தைப் பெரிதும் நாடிய சமுதாயத்தில் இவ்வேற்றுமை எளிதிற் புலப்படவில்லை. அதனைப் புலப்படுத்தியது 1932ஆம் ஆண்டு வந்த சட்டமே.

நான்கு வெற்று ஆசனங்கள்

வருமான வரி இங்கிலாந்தில் 1799இல் நெப்போலியனொடு நிகழ்ந்த போர்க் காலத்திற் பிறந்தது. போர் ஓய்ந்தபின் நீங்கி, 1842இல் மீண்டும் வந்து நிலைபெற்றது. இந்தியாவில் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் வெறுமையான கருவூலத்தை நிரப்புதற்பொருட்டு 1860இற் புகுத்தப்பட்டது. இலங்கைக்கு அது வரப் பின்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. அதுகாறும் அரசின் வருவாய் பெரும்பாலும் சுங்கத்தைச் சார்ந்திருந்தது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியால் தேயிலையும் இறப்பரும் விலை சரிந்தபோது, அவ்வருவாயின் நிலையாமை வெளிப்பட்டது. 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வருமான வரிக் கட்டளைச்சட்டம் இந்நிலையில் ஆக்கப்பட்டதே.

அச்சட்டம் ஆக்கப்பட்ட வேளையில் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாயிருந்தன என்பது சிந்திக்கத்தக்கது. டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியத்தைத் தரவில்லை என்று கூறி, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி வேண்டியது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்வார் இல்லாதொழிந்தனர். 1934இலேயே அவ்வாசனங்கள் இடைத்தேர்தலால் நிரப்பப்பட்டன. ஆகவே, யாழ்ப்பாணத்தார் வருமானத்தை அளக்கும் சட்டம் யாழ்ப்பாணத்தார் ஒருவரும் தேர்ந்தனுப்பாத சபையின் காலத்திற் பிறந்தது. பகிஷ்காரத்தின் நோக்கம் உயர்ந்ததாயினும், தீவுகளுக்குக் கடல் கடந்து சென்று வாணிகம் செய்வானின் செலவைப் பற்றி எடுத்துரைக்க வாய்ப்பிருந்த அவையில் அதனை எடுத்துரைப்பார் இலராயினர். கொள்கைக்காக இழந்தவை எவையென்று கணக்கிடுதலும் வரலாற்று மாணவன் கடமையே.

ஆயினும் அச்சட்டம் முன்னைய இறைகளினின்றும் இயல்பில் வேறுபட்டது. தலையையும் மரத்தையும் குவிந்த நெல்லையும் நோக்காமல், அஃது இலாபத்தை நோக்கியது. வருமானத்தை உண்டாக்குதற்கண் நேர்ந்த எல்லாச் செலவுகளும் கழிக்கப்படல் வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. குடும்பச் செலவும் சொந்தச் செலவும் கழிக்கப்படா என்பது அதற்கு எதிர்விதி. இவ்விரு விதிகளுக்கும் இடையிலேதான் வழிச்செலவு நிற்கின்றது. அரசு முதன்முறையாக யாழ்ப்பாணத்து வழிப்போக்கனை நிறுத்தி, நீ எவ்வளவு தரவேண்டும் என்று மட்டும் கேளாமல், இவ்வழி உனக்கு எவ்வளவு கொண்டது என்றும் கேட்டது. இது சிறிய மாற்றமன்று.

வீடும் தொழிலிடமும்

கேள்வி எளிது, விடை அரிது. ஒருவர் மானிப்பாயில் வசிக்கின்றார். யாழ்ப்பாண நகரத்தில் அலுவலகம் வைத்து வழக்கறிஞராகத் தொழில் புரிகின்றார். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நாடோறும் செல்லும் செலவு தொழிற்செலவாகுமா? ஆகாது என்பதே வரிச் சட்டங்களின் பொதுவான விடை. அவர் அலுவலகத்தினின்று பருத்தித்துறை நீதிமன்றம் சென்று ஒரு வழக்கை நடத்தி மீள்வாராயின், அச்செலவு தொழிற்செலவாகும். தூரம் இங்குப் பொருட்டன்று. வீட்டினின்று அலுவலகத்துக்கு இருபது கட்டையாயினும் கழிவில்லை. அலுவலகத்தினின்று கட்சிக்காரனிடத்துக்கு இரண்டு கட்டையாயினும் கழிவு உண்டு.

இவ்வேறுபாட்டின் காரணத்தை இங்கிலாந்தின் இரண்டு வழக்குகள் தெளிவாக்குகின்றன. விப்ஸ்னேட் என்னும் ஊரில் வாழ்ந்த வழக்கறிஞர் ஒருவர் இலண்டன் நகரத்திலே தொழிலறை வைத்திருந்தார். மாலையிலும் வார இறுதியிலும் வீட்டிலிருந்தும் தொழில் செய்தார். ஆதலின் இரண்டுமே தம் தொழிலிடங்கள் என்றும், இடைப்பட்ட புகையிரதச் செலவைக் கழித்தல் வேண்டும் என்றும் வழக்காடினார். மேன்முறையீட்டு நீதிமன்றம் 1952இல் அதனை மறுத்தது. அவர் விப்ஸ்னேட்டுக்குச் சென்றது தொழில் அங்கு அழைத்ததாலன்று, இல்லம் அங்கு இருந்ததாலேயே என்பது அதன் கருத்து. மற்றைய வழக்கு 1971இல் தீர்க்கப்பட்டது. ஈஸ்ற்போர்ண் என்னும் ஊரவனாகிய கொத்தன் ஒருவன், இன்று ஓரிடத்தும் நாளை வேறிடத்துமாகக் கட்டட வேலை செய்தான். அவனுக்கு வேறு தொழிலிடம் இல்லை. கருவிகளும் கணக்குப் புத்தகங்களும் வீட்டிலேயே இருந்தன. டெனிங் பிரபு தலைமையிலமைந்த நீதிமன்றம், அவன் வீடே தொழிலின் தளமாகும் என்று கொண்டு, வீட்டினின்று வேலைத்தலங்களுக்குச் சென்ற செலவைக் கழிக்க இடங்கொடுத்தது. முன்னைய வழக்கைத் தீர்த்த நீதிபதிகளுள்ளும் டெனிங் ஒருவர் என்பது கருதத்தக்கது.

இத்தீர்ப்புக்கள் இலங்கையைக் கட்டுப்படுத்துவன அல்ல. இரு நாட்டுச் சட்டங்களின் சொற்களும் ஒன்றல்ல. முழுமையாகவும் தனியாகவும் தொழிலுக்கென்றே செய்த செலவு என்பது இங்கிலாந்தின் அளவுகோல். வருமானத்தை உண்டாக்குதற்கண் நேர்ந்த செலவு என்பது இலங்கைச் சட்டத்தின் அளவுகோல். ஆயினும் வினா ஒன்றே: இப்பயணம் தொழிலின்பொருட்டு நிகழ்ந்ததா, வாழ்க்கையின்பொருட்டு நிகழ்ந்ததா?

யாழ்ப்பாணத்து வீடுகளில் இவ்வினா கூர்மை பெறுகின்றது. ஆங்கிலேயன் வீட்டையும் தொழிலையும் பிரித்துவைத்த பின்னர் எழுந்த சட்டம் அது. நம்மூரிலோ தட்டானின் பட்டறை வீட்டுத் திண்ணையில் உள்ளது. தையற்காரரின் யந்திரம் விறாந்தையில் உள்ளது. சுதேச வைத்தியரின் மருந்துப் பெட்டி உள்ளறையில் உள்ளது. இவர்களுக்கு வீடே தொழிற்றளம். வாடிக்கையாளரிடம் செல்லும் ஒவ்வொரு பயணமும் தொழிற் பயணமாகும். சைக்கிளிற் புடைவை கட்டிச் சென்று ஊரூராய் விற்றவரும், மோட்டார்ச் சைக்கிளிற் சென்று நீரிறைக்கும் யந்திரம் திருத்துபவரும் மேற்கூறிய கொத்தனின் நிலையினர். ஒரே நாளிற் காலையில் உரும்பிராயிலும் மாலையிற் சாவகச்சேரியிலும் பாடஞ் சொல்லும் தனியார் கல்வி ஆசிரியரோ இரு நிலைக்கும் இடைப்பட்டவர். ஒரு நிலையத்தினின்று மற்றொன்றுக்குச் செல்லும் பயணம் தொழிலைச் சார்ந்ததென்பது தெளிவு. வீட்டினின்று முதல் நிலையத்துக்குச் செல்வது ஆராய்தற்குரியது. ஒரே பாதை, ஒரே வண்டி, ஒரே மனிதன். ஆயினும் நோக்கம் மாறச் செலவின் இயல்பும் மாறுகின்றது.

தூரத்தின் கணக்கு

நோக்கம் உள்ளத்தில் இருப்பது. உள்ளத்தை வரி உத்தியோகத்தர் காணமுடியாது, ஏட்டையே காண்பார். ஆகையால் வழிச்செலவு பற்றிய உரிமை இறுதியிற் கணக்கேட்டிலே தங்குகின்றது.

அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். உடுவிலில் வாழும் யந்திரத் திருத்துநர் ஒருவரின் மோட்டார்ச் சைக்கிள் ஓராண்டில் 12,000 கிலோமீற்றர் ஓடியது என்க. அதில் 9,000 கிலோமீற்றர் தொழிலுக்கும், 3,000 கிலோமீற்றர் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் ஓடியது. பெற்றோல், எண்ணெய், திருத்தம், காப்புறுதி, உத்தரவுச் சீட்டு ஆகியவற்றின் ஆண்டுச் செலவு 2,00,000 ரூபா. தொழிலுக்கு ஓடியது நான்கில் மூன்று பங்கு. ஆகவே 1,50,000 ரூபாவைத் தொழிற்செலவென்று காட்டுதல் நியாயம். எஞ்சிய 50,000 ரூபா சொந்தச் செலவு. வண்டியை வாங்கிய விலையோ முதலைச் சார்ந்தது. அதனை ஓட்டச் செலவோடு சேர்த்தல் கூடாது. இவ்வளவுக்கும் வேண்டியது ஒரு சிறு கொப்பி: நாள், சென்ற இடம், சென்ற காரணம், புறப்பட்டபோதும் மீண்டபோதும் தூரமானி காட்டிய எண். இவற்றோடு பெற்றோற் பற்றுச்சீட்டுக்களும் இருத்தல் வேண்டும்.

சில நாடுகள் இம்முயற்சியைக் குறைத்தற்பொருட்டு ஒரு மைலுக்கு இவ்வளவு என அளவு வகுத்துள்ளன. ஐக்கிய இராச்சியத்தில் 2011ஆம் ஆண்டு முதல் மோட்டார் வண்டிக்கு முதற் 10,000 மைலுக்கு மைலொன்றுக்கு 45 பென்சும், அதன் மேற்பட்டதற்கு 25 பென்சும் என்று வகுக்கப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வளவு ஆண்டுதோறும் திருத்தப்படுவது. 2025ஆம் ஆண்டுக்கு மைலுக்கு 70 சதம். அங்கும் தூரத்தின் ஏடு இன்றியமையாதது. விலையைக் கணக்கிடும் சுமையே நீங்குகின்றது. தூரத்தைக் குறிக்கும் கடமை நீங்குவதில்லை.

மாறாத அளவு விலை மாறாத காலத்துக்கே பொருந்தும் என்பதற்கு யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாறே சான்று. 1990இற் புகையிரதம் நின்றது. ஆனையிறவுப் பாதை அடைபட்டது. கிளாலிக் கடனீரேரியைத் தோணியிற் கடந்தவர் பலர், உயிரிழந்தவரும் பலர். பெற்றோல் கிடையாமையால் மண்ணெண்ணெயில் மோட்டார் வண்டிகளை ஓட்டினர். 2002இல் திறந்த கண்டி வீதி 2006இல் மீண்டும் மூடப்பட்டு 2009இலேயே திறந்தது. 2014இலேயே யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலோ பெற்றோல் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றனர். ஒரு கட்டையின் விலை பொருளால் மட்டுமன்றி உயிரால் அளக்கப்பட்ட காலத்தில் எந்த அட்டவணையும் உதவியிராது. உண்மையில் நேர்ந்த செலவு என்னும் அளவுகோலே அத்தகைய காலத்திற்கு ஏற்றது. ஆனால் அக்காலத்திலே இடம்பெயர்ந்த குடும்பங்கள் உறுதிகளையே காக்கமுடியாமற் போயின. கணக்கேடுகளை யார் காத்தனர்? ஏடு எழுதும் வழக்கம் ஒரு தலைமுறையில் அறுந்தது. கணக்கப்பிள்ளைமார் ஐந்தொகை எழுதி ஆண்டை முடித்த ஊரில், வரவும் செலவும் நினைவிலே தங்குவனவாயின.

இவ்வறுதியின் விளைவு இன்று தோன்றுகின்றது. 1932ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்துக்குப்பின் 1963, 1979, 2000, 2006 ஆகிய ஆண்டுகளில் உள்நாட்டு இறைவரிச் சட்டங்கள் வந்தன. இப்போது வழங்குவது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம். நுணுக்கங்கள் பல மாறியும், வருமானத்தை உண்டாக்கும் செலவு கழிக்கப்படும், குடும்பச் செலவு கழிக்கப்படாது என்னும் அடிப்படை மாறவில்லை. மாறியது வரியின் எல்லையே. ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாவாயிருந்த தனியாள் நிவாரணம் 2023ஆம் ஆண்டு சனவரியில் 12 இலட்சமாகக் குறைந்தது. 2025 ஏப்பிரிலில் 18 இலட்சமாயிற்று. முன்னர் வருமான வரி என்பது பெருவணிகர்க்கும் பெரிய உத்தியோகத்தர்க்கும் உரியதென்று எண்ணியிருந்த திருத்துநரும் ஆசிரியரும் மேசனும் அதன் எல்லைக்கு அருகே வந்துவிட்டனர். அவர்களுட் பலர்க்கு வழிச்செலவு வருவாயிற் பெரியதொரு கூறு. அதனைக் கழிக்கத் தெரியாதவர், தாம் பெறாத இலாபத்துக்கு வரி இறுப்பர். பழைய பத்திலொன்று வரியை அறியாமையால் தாமே தம்மேல் விதித்துக்கொண்டவராவர்.

இதற்கு மறுபுறமும் உண்டு. நல்லூர்த் திருவிழாவுக்குச் சென்றதையும் கல்யாண வீட்டுக்குச் சென்றதையும் தொழிற் பயணமென்று எழுதுபவர், தம் அயலவன் சுமையைப் பெருக்குகின்றார். வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் தெருவுக்கும் வேண்டிய பணம் எவ்வாறேனும் திரட்டப்படல் வேண்டும். வருமான வரியிற் குறைந்தது அரிசியின்மேலும் துணியின்மேலும் விழும் மறைமுக வரியில் ஏறும். அவ்வரி தலைவரியைப் போன்றது. ஏழையின் வருவாயை அது வினவுவதில்லை. எனவே உரிய கழிவைக் கேளாமையும் உரிமையற்ற கழிவைக் கேட்டலும் ஆகிய இரண்டும் குற்றமே. முன்னையது தனக்குச் செய்யும் தீங்கு. பின்னையது பிறர்க்குச் செய்யும் தீங்கு.

முடிவுரை

ஒல்லாந்தர் தலையை எண்ணினர்; அவர்க்குப் பின்வந்தார் ஆறு நாளை எண்ணினர்; 1932ஆம் ஆண்டின் சட்டமோ வரவையும் செலவையும் எண்ணத் தொடங்கியது. குடியானவன் செலவைக் கேட்டறிந்தபின் வரி கொள்வது முன்னையவற்றினும் நேரிய ஆட்சிமுறை. ஆனால் கேட்பவன் கேட்கும்போது சொல்லத்தக்க விடை குடியானவன் கையில் இருத்தல் வேண்டும். தலைவரிக்கு ஏடு வேண்டியதில்லை, தலையே போதும். இலாபத்தின்மேல் விதிக்கும் வரிக்கோ ஏடே தலை. சட்டம் தந்த உரிமையை நடைமுறையில் தருவது நாடோறும் மாலையில் எழுதப்படும் ஒரு வரியாகும்: இன்று எங்குச் சென்றேன், எதற்குச் சென்றேன், எத்துணைத் தூரம் சென்றேன் என்பதே அது.

கல்லூரியிலே கணக்கும் வரலாறும் பயின்று வெளியேறும் மாணவருட் பலர் நாளை தாமே தமக்கு எசமானராகித் தொழில் நடத்துவர். சிலர் வரி உத்தியோகத்தராகி அவ்வேடுகளைப் பார்வையிடுவர். இருதிறத்தாரும் இவ்வரலாற்றை அறிந்திருப்பாராயின், முன்னவர் எழுதுவதில் உண்மையும் பின்னவர் படிப்பதிற் கண்ணோட்டமும் உளவாம். தெருவோரத்து மைற்கல் எல்லார்க்கும் ஒரே எண்ணையே காட்டுகின்றது. அவ்வெண் யாருடைய கணக்கிற் சேர்வது என்பதை நேர்மையாக வகுத்தல் கற்றார் கடனாகும்.